முன்னே போனவர்கள்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பதை நாம் எல்லோரும் வகுப்பறையில் மனனம் செய்தோம். அது யாருக்கு உத்தியோகம் கொடுத்தது என்பதை எந்தப் பாடமும் சொல்லித் தரவில்லை. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துப் போகும்வரை, பட்டறைகளும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் பெரும்பாலும் ஆண்களின் உலகம். தகப்பனோ மாமனோ முன்னே போயிருந்தால், பின்னால் போகிறவனுக்கு யாரைப் பார்ப்பது, எந்தக் கருவிக்கு என்ன பெயர், துரையிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். பெண்களுக்கு அப்படி முன்னே போனவர் எவருமில்லை. அந்த ஒருவர் பிற்பாடு எப்படிக் கிடைத்தார் என்பதைத்தான் இந்த நூற்றாண்டு மலரில் எழுத விரும்பினோம். நாம் அறிந்த துறை மருத்துவம் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் மாணவரைச் சேர்த்துப் படிப்பித்தார். தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் புறப்பட்டுப் போவதைக் கண்ட அவர், 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே இருந்து வைத்தியம் பார்ப்பான் என்பது அவருடைய கணக்கு. அதற்குப் புத்தகம் வேண்டுமே! மாணவரையே பக்கத்தில் இருத்தி மொழிபெயர்த்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வந்தன. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றனர். அவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழில் பயின்றவர்கள். மருத்துவபீடத்து முதலாம் ஆண்டில் எலும்புகளின் ஆங்கில, இலத்தீன் பெயர்களோடு மல்லுக்கட்டிய நமக்கு அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் சற்றுப் பொறாமைதான்.

ஆனால் அந்த வகுப்பில் பெண்கள் இல்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் ஆரம்பமானது. பெண்களைச் சேர்த்தது 1892இல். இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை 1898இல் வந்தது.

இவ்விடத்தில் மேரி இரத்தினத்தைச் சொல்லாமல் போக முடியாது. கனடாவிலிருந்து 1896இல் யாழ்ப்பாணத்து மிஷன் மருத்துவப் பணிக்காக வந்த வைத்தியர் அவர். தமிழரான கனகரத்தினம் என்பவரை மணந்தபடியால் மிஷனில் பணியாற்றும் வாய்ப்புப் போயிற்று. பட்டம் கையில் இருந்தது, வந்த வேலை இல்லை! கொழும்பில் வைத்தியம் பார்த்தபடி பெண்களின் பொதுவாழ்வில் இறங்கினார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கனடாவின் கிராமத்து மாதர் சங்கங்களே அதற்கு முன்மாதிரி. கிராமத்துப் பெண்கள் கூடி, சுகாதாரமும் போஷாக்கும் தையலும் நெசவும் கற்றார்கள். உபந்நியாசம் கேட்டுக் கலைந்துபோகும் கூட்டமாக அது இருக்கவில்லை. கற்றவள் அடுத்தவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. வேலை மறுக்கப்பட்ட ஒருவரே மற்றவருக்கு வழி காட்டினார் என்பது தற்செயலாக நடந்ததென்று நமக்குத் தோன்றவில்லை. தடை எந்த இடத்தில் கிடக்கிறது என்பது காலில் தட்டுப்பட்டவருக்குத்தானே தெரியும்?

நமது தலைமுறைக்கு வருவோம். திருகோணமலை, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டு, அவற்றுக்கென ஒதுக்கிய 5 சதவீதப் பல்கலைக்கழக அனுமதியில் பங்கு பெற்றது. அந்த ஒதுக்கீடு நம்மில் சிலரை வாயிலுக்குள் விட்டது. உள்ளே போனபின் எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டாம், வாய்மொழிப் பரீட்சையில் எப்படி நிற்பது, வார்ட்டில் சிங்களத்தில் நோயாளியை எப்படி விசாரிப்பது என்பதைச் சொன்னவர்கள் நமக்கு முந்திய வகுப்பு அக்காமார். யுத்த காலம் அது. ஊரிலிருந்து தொலைபேசிகூட ஒழுங்காகக் கிடைக்காது. அவர்கள் இல்லாவிட்டால் இடைநடுவில் திரும்பியிருக்கக்கூடியவர்கள் நம்மில் உண்டு.

இன்று கண்டி வீதிப் பக்கத்துக் கப்பல்துறையிலிருந்து வரும் பிள்ளைகளுடன் பேசும்போது, சான்றிதழ்க் கோவை நாம் வைத்திருந்ததைவிடத் தடிப்பாக இருக்கிறது. உயர்தரம், கணினி, தொழிற்பயிற்சி எல்லாம் அதற்குள் உண்டு. ஆனாலும் இலங்கையில் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். காரணங்கள் பெரிய தத்துவமல்ல. இருட்டியபின் பஸ் இல்லை. நேர்முகப் பரீட்சை சிங்களத்தில். ஹோட்டல் வேலை என்றால் ஊர் என்ன சொல்லுமோ என்ற தாயின் பயம். பஸ்ஸைத் தவிர மற்றவை, ஏற்கெனவே அந்த வேலையிலிருக்கும் ஒரு பெண் வீட்டுக்கு வந்து தாயோடு அரைமணி நேரம் பேசினால் பாதி இளகிவிடும். இன்னொரு பயிற்சி வகுப்பு அதைச் செய்யாது.

நமது சங்கம் பரிசளிப்புக்கும் கட்டடத்துக்கும் தாராளமாகக் காசு சேர்த்திருக்கிறது. நேரத்தைச் சேர்த்தது குறைவு. வைத்தியர், தாதியர், ஆசிரியை, வங்கி, துறைமுக அலுவலகம் என்று பழைய மாணவியர் பரந்திருக்கிறோம். சுயவிபரக்கோவையின் கடைசியில் உறவினரல்லாத இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்பார்கள். கப்பல்துறைப் பிள்ளைகள் பலர் அந்த இரண்டு வரிகளையும் கிராம அலுவலரையும் பாடசாலை அதிபரையும் கொண்டு நிரப்புகிறார்கள். ஒரு பிள்ளையோடு ஆறு மாதம் தொடர்பில் இருந்து, அவளை நேரில் அறிந்தபின் அந்த வரிகளில் தன் பெயரை எழுத அனுமதிப்பவர்களின் பட்டியலைச் சங்கக் காரியதரிசி தயாரித்து வருகிறார். இதை எழுதும்வரை பதினொரு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.