ஓலைக் கூரையின் கீழ் ஓர் ஊர்

புதிய மண்ணில் குடியேறும் மக்கள் முதலில் தேடுவது தண்ணீர்; அடுத்து வேலை. இவை கைகூடுமுன்பே வழிபட ஓர் இடத்தையும் அவர்கள் நாடியதை வரலாற்றில் காண்கிறோம். ஜப்பானின் வடக்கே, அய்னு மக்களின் தாயகமான ஹொக்கைடோவில் 1869-இல் அரசே குடியேற்றத்தை முடுக்கியது. 1871-இல் சப்போரோவில் ஷின்டோ ஆலயம் எழுந்தது. அங்கே அரசு முன்நின்றது. சிங்கப்பூரிலோ நம் தமிழரே முன்நின்றனர்.

1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராபிள்சோடு வந்திறங்கியவர் நாராயண பிள்ளை. செங்கற்சூளை அமைத்தார், துணி வாணிகமும் செய்தார். 1822-இல் தீ விபத்து அவர் கடையை அழித்தது. ஆயினும் கோயில் எழுப்பும் எண்ணத்தை அவர் கைவிடவில்லை. தெலுக் ஆயர் தெருவில் முதலில் கிடைத்த நிலத்தில் வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் இல்லை. அடுத்துக் கிடைத்த நிலம் நகரமைப்புத் திட்டத்தால் கைநழுவியது. 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் அமைந்தது. 1827-இல் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு மாரியம்மன் கோயில் எழுந்தது. செங்கல் சுட்டவர் எழுப்பிய கோயில், முதலில் ஓலைக் கூரையின் கீழ்தான் இருந்தது! இன்றுள்ள செங்கற்கட்டடத்தின் பழைய பகுதி 1843-ஐச் சார்ந்ததெனக் கருதப்படுகிறது.

எனினும் அக்கோயிலின் பெருமை செங்கல்லில் இல்லை. கப்பலில் வந்திறங்கிய ஏழைத் தமிழர், வேலையும் உறைவிடமும் கிட்டும்வரை அங்கே தங்கினர். இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் அது விளங்கியது. முன்பின் அறியாதோர் அங்கே உறவினராயினர். பின்னர், 1888-இல், தமிழ்க் கத்தோலிக்கரும் அந்நகரில் தமக்கென லூர்து அன்னை ஆலயத்தைப் பெற்றனர்.

இவ்வரலாறு நம் பெரும்பாக்கத்திற்குத் தொலைவானதன்று. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் இங்கே அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டுள்ளனர். நாராயண பிள்ளை விரும்பி வந்தார். இவர்கள் அனுப்பப்பட்டு வந்தார்கள். பழைய வேலையும் பள்ளியும் அண்டை வீட்டாரும் தொலைவில் நின்றுவிட்டனர். வீட்டை அரசு கட்டித் தரலாம். ஊரைக் குடியிருப்போரே கட்டியாக வேண்டும். அதற்குத் தோள் கொடுக்க வேண்டியவர்கள் முன்பே இங்கு வாழும் நாம். நாம் எழுப்பும் வழிபாட்டிடம் எத்துணை உயரமானது என்று பின்வருவோர் கேட்கமாட்டார்கள். இடமின்றி வந்தவர்க்கு அங்கே இடம் இருந்ததா என்றே கேட்பார்கள்.