ஈயக்குண்டு போன தூரம்

பாஸ் மீன் பிடிப்பவர்கள் கூடினால் பேச்சு ரப்பர் புழுவைச் சுற்றியே போகும்: என்ன நிறம், எவ்வளவு நீளம், வால் தட்டையா கூரா. மெத்தென்ற அந்தப் பிளாஸ்டிக் புழு தானாக ஒன்றும் செய்யாது. அது விழும் வேகம், நிற்கும் உயரம், நெளியும் விதம் எல்லாமே முள்ளும் குண்டும் தருபவை. தூண்டிலில் குண்டு எங்கே இருக்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த இடமாற்றத்தைப் பின்தொடர்ந்து போனாலே இந்த மீன்பிடி வளர்ந்த விதம் விளங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

1949இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டயர் தொழிற்சாலைகள் நிறைந்த ஆக்ரன் நகரில், நிக் கிரீமும் அவர் மனைவி காஸ்மாவும் வீட்டு அடுப்பில் வினைலையும் எண்ணெயையும் சாயத்தையும் காய்ச்சி, மண்புழுவை வைத்து எடுத்த அச்சில் ஊற்றினார்கள். ஆறியதும் கிடைத்தது தொட்டால் துவளும் புழு. பிறகு அவர்கள் தொழில் டெக்சஸின் டைலர் நகருக்குப் பெயர்ந்தது. அந்த வட்டாரத்தில் அணை கட்டியபோது காடுகள் மரத்தோடு மூழ்கின. 1965இல் தண்ணீர் தேக்கப்பட்ட சாம் ரேபர்ன் நீர்த்தேக்கம் அப்படிப்பட்டது. நின்றபடி பட்டுப்போன மரங்களுக்கு நடுவே பாஸ் பதுங்கும். திறந்த முள்ளை அங்கே எறிந்தால் கிளையில் மாட்டிக்கொள்ளும். அதற்கு வழி கண்டதுதான் டெக்சஸ் கட்டு. தோட்டா வடிவ ஈயத்தைத் தங்கூசியில் கோத்து, புழுவின் தலைக்கு முன்னால் ஓடவிட்டு, முள்ளின் முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்தார்கள். ஈயம் 7 கிராம், 10 கிராம். முள் 3/0, 4/0 போன்ற தடித்த ரகம், ஏனென்றால் அது முதலில் புழுவைக் கிழித்து, அப்புறம் மீனின் தாடையில் ஏற வேண்டும். இப்படிக் குண்டின் முதல் இடம் புழுவின் தலை. இலைதழைகளைத் துளைத்துப் போகும் முரட்டு வேலை அதற்கு.

அந்த முரட்டு வேலைக்கு மசியாத மீன்கள் வேறு இடங்களில் இருந்தன. ஜப்பானுக்குப் பெருவாய் பாஸ் 1925இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. அகாபோஷி டெட்சுமா என்ற தொழிலதிபர் அதை ஆஷி ஏரியில் விட்டார். ஏரிகள் சிறியவை, கரையில் ஆட்கள் அதிகம், மீனோ தினமும் தூண்டிலைப் பார்த்துப் பழகியது. அங்கே குண்டு கீழே இறங்கியது. முள்ளைத் தங்கூசியின் நடுவில் கட்டி, ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை கீழே விட்டு, கடைசி நுனியில் குண்டைத் தொங்கவிடும் முறை. ஆழ்கடலில் தூண்டில் போடுபவர்களுக்கு இது பழைய சங்கதி. பாஸுக்கு இதை நுட்பமாக்கியவர்கள் ஜப்பானியர்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்த ‘டிராப் ஷாட்’ கலிஃபோர்னியாவின் தெளிந்த, ஆழமான நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவியது.

இந்த ஒரு மாற்றம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. குண்டு தரையில் கிடக்கிறது. தங்கூசியைச் சற்றுத் தளர்த்திக் கம்பின் நுனியை நடுக்கினால், புழு இடம் பெயராமல் அதே உயரத்தில் துடிக்கும். டெக்சஸ் கட்டில் புழுவை அசைக்க இழுத்தாக வேண்டும். இழுத்தால் மீனைத் தாண்டிப் போய்விடும். தயங்கி நிற்கும் மீனின் கண்ணெதிரே இரையை நிறுத்தி வைக்கும் வசதி அதில் இல்லை.

குண்டு இடம் மாறியதும் முள்ளும் மாறியது. இங்கே முள் 1 அல்லது 2ஆம் எண். (எண் கூடக் கூட முள் சிறுக்கும், 1ஐத் தாண்டி 1/0, 2/0 என்று போனால் பெருக்கும். புதிதாக வாங்குபவர்கள் இதில் தடுமாறுவார்கள்.) கம்பி மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த முள் பிளாஸ்டிக்கைக் கீழே இழுத்து, நெளிவைக் கெடுத்துவிடும். மூன்று கிலோ தாங்கும் மெல்லிய தங்கூசியால் தடித்த முள்ளைத் தாடையில் ஏற்றவும் முடியாது. மெல்லிய கூர் முள் லேசான இழுப்பிலேயே ஏறிவிடும். புழுவின் மூக்கில் மட்டும் குத்தினால் போதும். கட்டும்போது மீதி நுனியை மேலிருந்து கீழாக முள்ளின் கண்ணுக்குள் மறுபடி நுழைத்து விட்டால், முள் தங்கூசிக்குக் குறுக்கே, முனை மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். இந்தச் சிறு வேலையைத் தவிர்ப்பவர்கள் பல கடிகளை இழக்கிறார்கள்.

குண்டின் எடைக்கு ஒரே விதிதான்: தரையை உணர முடிகிற அளவில் மிகக் குறைந்தது. மூன்று மீட்டர் ஆழத்தில் காற்றில்லாத நாளில் 3.5 கிராம் தாராளம். பத்து மீட்டரில், படகை அலை தள்ளும்போது, 10 கிராம் கேட்கும். பாறை இடுக்குகளில் ஒல்லியான உருளை வடிவம் சிக்காமல் வரும், சமதரைக்கு உருண்டை.

இடம் மாறிய குண்டு உலோகமும் மாறியது. நீர்ப்பறவைகள் அரைவைப்பைக்காகக் கூழாங்கல் விழுங்கும். கூடவே ஈயத்தையும் விழுங்கிச் செத்தன. அன்னங்களைக் காப்பாற்ற 1987இல் இங்கிலாந்து சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடுத்தது. லூன் பறவைகளுக்காக அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் 2000இல் தன் ஏரிகளில் தடை கொண்டுவந்தது. மாற்றாக வந்தவற்றில் டங்ஸ்டன் நிலைத்தது. ஈயம் 327 டிகிரியில் உருகும், சமையலறையிலேயே வார்க்கலாம். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும். ஆகவே பொடியை அழுத்திச் சூட்டில் இறுக்கித்தான் குண்டாக்குகிறார்கள். விலை பல மடங்கு. ஆனால் ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3, அதே எடைக்குக் குண்டு வெகுவாகச் சிறுத்துவிடுகிறது. கடினமான உலோகம் என்பதால் கீழே சரளையா, சேறா, பாறையா என்பது கைக்குத் தெரிகிறது. பறவைகளுக்காக வந்த மாற்றம் மீன்பிடிப்பவருக்கும் மேலான கருவியைத் தந்தது. தடை இல்லாத ஊரிலும் இதையே வாங்குங்கள் என்பேன்.

குண்டின் பயணம் அங்கேயும் நிற்கவில்லை. ஜப்பானியர்களின் ‘நெக்கோ’ கட்டில் அது ஆணி போல ஒடுங்கி, ஒரு கிராம் சொச்சமாக, புழுவின் தலைக்குள்ளேயே செருகப்படுகிறது. முள் புழுவின் நடுவயிற்றில், ஒரு ரப்பர் வளையத்துக்கு அடியில் ஏறுகிறது. ஒவ்வொரு சுண்டலுக்கும் தலை தரையைக் கொத்த, வால் மேலே ஆடுகிறது. 10 செ.மீ. புழுவுக்கு 0.9 கிராம் ஆணியும் 1ஆம் எண் முள்ளும் பொருந்தும். 13 செ.மீ. என்றால் 1.3 முதல் 1.8 கிராம், முள் 1/0. புழு தலைகீழாக நிற்காமல் சாய்ந்தால் ஆணியை ஒரு படி ஏற்றுங்கள், முள்ளைத் தொடாதீர்கள்.