எழுவாய் தோன்றாத ஒரு முழக்கம்

உள்நாட்டுப் போர்க்காலத்து முழக்கங்களைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது வினைமுற்றை. யார் 'நாம்', யார் 'அவர்கள்' என்பதை விகுதி காட்டிவிடும். சில வேளைகளில் மறைத்தும்விடும்.

1936 ஜூலையில் ஸ்பெயினின் இராணுவத் தளபதிகள் சிலர் குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஜூலை 19 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் டோலோரெஸ் இபாருரி மாட்ரிட் வானொலியில் ஆற்றிய உரை, 'நோ பசரான்' என்ற முழக்கத்தை நாடறியச் செய்தது. 'கடந்து வரமாட்டார்கள்' என்பது பொருள். முழக்கம் புதியதன்று; 1916இல் வெர்டன் போரின்போது பிரெஞ்சுக்காரர்களிடையே வழங்கியதுதான். ஆனால் பிரெஞ்சில் 'அவர்கள்' என்ற எழுவாய் வெளிப்பட நின்றது. ஸ்பானியத்திலோ, தமிழில் போலவே, விகுதி போதும். எழுவாய் தோன்றாமலே நிற்கும்.

வெர்டனில் அந்த 'அவர்கள்' ஜெர்மானியர் என்பதில் ஐயமில்லை. மாட்ரிட்டின் எதிரே நின்றவர்களுள் பலர் அதே நாட்டினர், அதே மொழியினர். அயல்நாட்டுப் படையை நோக்கி எழுந்த வாக்கியம் உள்நாட்டுப் போருக்குள் வந்தபோது, உடன் வாழ்ந்தவன் அயலானாக்கப்பட்டான். ஃபிராங்கோவுக்கு இத்தாலியும் ஜெர்மனியும் படையனுப்பியது இதற்கு வலுச் சேர்த்தது. நெப்போலியனுக்கு எதிரான 1808ஆம் ஆண்டுப் போரைக் குடியரசின் பரப்புரை நினைவூட்டியது. எதிர்த்தரப்போ தன்னையே 'தேசியர்' என்று அழைத்துக்கொண்டு, குடியரசினரை ருஷ்யாவின் கையாட்கள் என்றது. இரு தரப்பும் பாடியது தேசப்பற்றைத்தான்.

என்னை அதிகம் உறுத்துவது அம்முழக்கத்துக்குக் கிடைத்த மறுமொழி. 1939 மார்ச் 28 அன்று ஃபிராங்கோவின் படை மாட்ரிட்டுக்குள் நுழைந்தது. அர்ஜென்டினாவில் பிறந்த மேடைப் பாடகி செலியா காமெஸ் அவ்வாண்டே 'யா எமோஸ் பசாவோ' என்று பாடினார்: 'கடந்து வந்துவிட்டோமே'. படர்க்கை தன்மையாயிற்று, எதிர்காலம் முடிந்த செயலாயிற்று. எழுத்துவழக்கில் அச்சொல் 'பசாதோ'. இடைமெய் கெட்ட 'பசாவோ' மாட்ரிட்டின் எளிய மக்களுடைய நாவில் புழங்கிய வடிவம். மெட்டும் அவர்கள் ஆடிய 'சோட்டிஸ்' நடனத்தினுடையது. தோற்ற நகரை எள்ளுவதற்கு அந்நகரின் கொச்சையும் ஆட்டமுமே எடுத்தாளப்பட்டன. (எதிரியின் முழக்கம் கேட்பவர் நினைவில் இருந்தால்தான் இப்பாட்டு பொருள்படும் என்பது தனி வேடிக்கை.)

அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, இராணுவ நீதிமன்றம் தண்டித்த பதின்மூன்று இளம்பெண்கள் மாட்ரிட்டின் கிழக்குக் கல்லறைத் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 'அவர்கள்' என்ற இடத்தில் இப்போது நின்றது அவர்கள்.