அமுதசுரபியும் அயல்நாட்டு உண்டியலும்

பசிப்பிணி தீர்த்தலையே தலையாய அறமாகப் பேசும் காப்பியம் மணிமேகலை. புகார் நகரைக் கடல் கொண்ட செய்தியும் அதில் உண்டு. மழை பொய்த்துக் காஞ்சி மாநகர் வாடிய செய்தியும் உண்டு. சேரர் தலைநகராம் வஞ்சியில் இருந்த மணிமேகலை, காஞ்சியின் துயர் கேட்டு, அமுதசுரபியை ஏந்தி அங்குச் சென்று உயிர்களை ஓம்பினாள் என்பது கதை. ஒரு நாட்டின் துயரைத் துடைக்க மற்றொரு நாட்டிலிருந்து கை நீளுவது தமிழருக்குப் புதிய கருத்தன்று.

அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. மனிதர் திரட்டும் நிதியோ ஒரு நாள் தீர்ந்தே போவது. பஞ்சத்திலும் புயலிலும் ஆழிப்பேரலையிலும் அயல்நாட்டுத் திருச்சபைகள் நமக்கு அனுப்பிய உதவியின் வரலாற்றை ஆராய்வோர் கேட்க வேண்டிய வினா, எவ்வளவு வந்தது என்பதன்று. அது தீர்ந்தபின் எது நின்றது என்பதே. அதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்தின் கடற்கரையிலேயே அவ்விடை இருக்கிறது. ஆயினும், கதையின் தொடக்கம் நெல்லைச் சீமையில் உள்ளது.

தாது வருடப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்வர். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியைத் தம் ஊராகவே கொண்டு வாழ்ந்த கால்டுவெல், அப்பஞ்சத்தின் நடுவே 1877-இல் ஆயரானார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த அறிஞர் என்றே நாம் அவரைப் போற்றுகிறோம். பசித்து நின்ற மக்களுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த உதவியைச் சேர்ப்பிக்கும் பணியும் அவர் கூட்டத்தாரைச் சார்ந்தது. அக்காலத்தில் பல்லாயிரவர் திருச்சபையில் சேர்ந்தனர். சோற்றுக்காகச் சேர்ந்தனரோ, நம்பிக்கையால் சேர்ந்தனரோ என்னும் ஐயமும் உடன் எழுந்தது. சேர்வோரின் நோக்கம் எத்தகையது என்பது பற்றிக் கால்டுவெல் தாமே எழுத நேர்ந்தது. கொடுப்பவர் கையில் கஞ்சியும் சமயமும் ஒருங்கே இருக்கும்போது எழும் இவ்வையம், இன்றளவும் முற்றத் தீர்ந்ததாகச் சொல்வதற்கில்லை.

அதே பஞ்சத்தில் மாயூரத்தில் வேறொரு காட்சி. முன்னாள் முன்சீப்பும் கத்தோலிக்கருமான வேதநாயகம் பிள்ளை, தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையை வியந்து கீர்த்தனை பாடினார். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' பிள்ளையவர்களுக்குத் தந்த புகழ் பெரிது. பஞ்ச காலத்துக் கஞ்சி தந்த புகழ் அதனினும் சிறிதன்று.

உண்டியல் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டில் தனி ஒருவர் கொடை நிறுவனங்களின் கொடையாக விரிந்தது. 1947-இல் பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளுக்கு உதவக் கிறித்தவச் சபைகள் தொடங்கிய பணியே பின்னர் 'காசா' என்னும் அமைப்பாக வளர்ந்தது. கத்தோலிக்கரின் 'காரித்தாஸ் இந்தியா' 1962-இல் தோன்றியது. ஜெர்மனியில் 1958-இல் 'மிசெரியோர்' என்னும் கத்தோலிக்க நிதியமும், 1959-இல் 'உலகிற்கு அப்பம்' எனப் பொருள்படும் பெயர்கொண்ட சீர்திருத்தச் சபையினரின் நிதியமும் எழுந்தன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர்ப் போரில் இடிந்து, பிறர் அனுப்பிய உணவுப் பொட்டலங்களால் உயிர்தரித்த நாடு அது! தவக்காலத்தில் கோயில் உண்டியலில் எளிய குடும்பங்கள் இட்ட காசே கடல் கடந்து வந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அமெரிக்கக் கோதுமையும் பால்பொடியும் திருச்சபைகளின் வழியே நம் ஊர்களில் பங்கிடப்பட்ட நாள்களை முதியோர் நினைவுகூர்வர். பசி ஆறியது, ஆனால் மூட்டை தீர்ந்ததும் அடுத்த மூட்டைக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அயல்நாட்டுப் பணத்தை அரசும் கண்காணிக்கத் தலைப்பட்டது. 1976-இல் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2010-இல் அதற்கு மாற்றாகப் புதுச்சட்டம் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, அத்தகைய பணம் முழுதும் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்து சேர வேண்டும். பேரேடுகளோடு நாளெல்லாம் பழகும் எம்போன்றோர்க்கு வரவும் செலவும் ஒத்துப்போவதில் மனநிறைவு உண்டு. எனினும் பேரேட்டில் ஏறாத வரவு ஒன்றும் உண்டு. அதனை மரியநாட்டில் காணலாம்.

மரியநாடு காட்டிய வழி

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள சிற்றூர் மரியநாடு. நிலமற்ற மீனவக் குடும்பங்களைக் குடியமர்த்த, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா காலத்தில், 1960களில் இலத்தீன் மறைமாவட்டம் அமைத்த ஊர் அது. அங்குச் சென்று தங்கிய சமூகப் பணியாளர்கள் மீனவரோடு பேசி ஓர் உண்மையைக் கண்டனர். வள்ளமும் வலையும் வாங்கக் கடன் தந்த தரகரே மீனுக்கு விலை வைப்பவர். ஆதலின் கடல் எவ்வளவு தந்தாலும் கடன் தீர்வதில்லை. இக்கட்டை அறுக்க மீனவர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். கரையில் ஏலத்தைச் சங்கமே நடத்தும். கடனைச் சங்கமே தரும். அன்றாட விற்பனையிலிருந்து கடன் தவணைக்கும் சேமிப்புக்கும் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இஃதொன்றே அதன் சூத்திரம்.

இம்முறை கரையோரமாகப் பரவியது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்தபோது நிலத்தில் எல்லை விழுந்தது, கடலில் விழவில்லை. முட்டத்தில் பெல்ஜிய நாட்டவராகிய பியர் ஜில்லெ ஒட்டுப்பலகையால் புதுவகை வள்ளம் செய்ய முயன்றதும், அவ்வள்ளம் இருமாநிலக் கரைகளிலும் பயன்பட்டதும் இவ்வுறவின் விளைவே. 1980-இல் இச்சங்கங்களின் தென்னிந்தியக் கூட்டமைப்பு இந்நகரில் உருவாயிற்று. 'சிஃப்ஸ்' என்று மீனவர் வழங்கும் அவ்வமைப்பு திருச்சபையின் அமைப்பன்று; திருச்சபையினர் இட்ட வித்தில் முளைத்து, மீனவர் தம் காலில் நின்ற அமைப்பு.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களை ஆழிப்பேரலை கொண்டது; அவருள் 6,000-க்கு மேற்பட்டோர் நாகை மாவட்டத்தினர். குமரியில் கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் சிதைந்தன. உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. குவிந்ததே சில இடங்களில் இடராயிற்று. உடுக்க ஒவ்வாத பழந்துணிகள் நாகைத் தெருக்களில் மலையாய்க் கிடந்தன. வள்ளங்களோ முன்பிருந்ததை விட மிகுதியாக வழங்கப்பட்டன. கொடுக்க வந்தோர் பலர். கேட்க வந்தோர் சிலர்.

அந்நாளில் சிஃப்ஸ் அமைப்பு, நாகையின் 'சிநேகா'வுடன் சேர்ந்து, சில நாள்களுக்குள்ளேயே தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் மையம் ஒன்றை நிறுவியது. எந்த ஊரில் எது குறை, எவர் எதனைச் செய்கிறார் என்று கணக்கெடுத்ததே அதன் முதற்பணி. பின்னர்த் தரங்கம்பாடியில் வீடு கட்டும்போது, ஒரே அச்சில் வார்க்காது, குடியிருக்கப் போகும் குடும்பங்களின் விருப்பம் கேட்டு வரைபடம் வகுத்தனர். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய கரை அது; கடல் கொண்ட புகாரும் அருகில்தான். சேர நாட்டு வஞ்சியிலிருந்து மணிமேகலை சென்றது காப்பியம். சேர நாட்டுத் திருவனந்தபுரத்திலிருந்து மீனவர் அமைப்பு சென்றது வரலாறு.

வாங்கிய கை

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் பூந்துறை, விழிஞ்ஞம் முதல் தூத்தூர் வரை இருமாநில மீனவரையும் கடலில் வாரிக்கொண்டது. திரும்பாதவர் பெயர்களைப் பங்குக் கோயில்கள் வீடு வீடாகக் கேட்டுப் பட்டியலிட்டன. அந்தக் கண்ணீர் உலர்ந்து ஓராண்டும் ஆகவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. அழைப்பு வந்ததும் இதே கரைகளின் மீனவர் தம் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூருக்கும் பிற ஊர்களுக்கும் விரைந்தனர், பல்லாயிரவரைக் கரைசேர்த்தனர். கூலி வேண்டா என்று மறுத்தோரும் உண்டு.

தலைமுறை தலைமுறையாகப் பிறர் உதவியை வாங்கியவர் எனப்பட்ட மக்கள், அன்று கொடுப்பவராயினர். உண்டியல் தீர்ந்தபின் நின்றது இதுவே. கோதுமை மூட்டை இதனைத் தரவில்லை. சேர்ந்து முடிவெடுக்கவும், தம் பொருளைத் தாமே காக்கவும் பழகிய பழக்கம் இதற்குத் துணைநின்றது.

வெள்ளமென்றும் நிலச்சரிவென்றும் செய்தி வருந்தோறும் நம் சங்கத்தாரும் அரிசியும் துணியும் பணமும் திரட்டி அனுப்பி வருகிறோம். அப்பணி மேலும் வளர்க! மூட்டை கட்டுவதற்கு முன்னர், அம்மக்களில் ஒருவரையேனும் அழைத்து, 'உங்களுக்கு வேண்டுவது யாது?' என்று கேட்கும் வழக்கத்தையும் நாம் மேற்கொள்வோமாக.