வேகத்திலிருந்து நிதானத்துக்கு: மோட்டோகுரொஸ், ட்ரயல்ஸ், ஒரு பழைய பைக்

போன வருசம் எங்கட நண்பன் ஒருத்தன் மோட்டோகுரொஸ் ஓடப்போய், காறை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தான். ஆறு கிழமை கையைத் தொங்கப்போட்டபடிதான் விரிவுரைக்கு வந்தான். நோட்ஸ் எழுதிக் கொடுத்தது நாங்கள். கை சுகமானதும் அவன் சொன்ன முதல் விஷயம்: "மச்சான், இனி மோட்டோகுரொஸ் வேண்டாம். ட்ரயல்ஸ் ஓடப்போறன். ஒரு செகண்ட் ஹாண்ட் பைக் பார்க்க வேணும்."

அவனுடைய அம்மாவுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் தெரியாது. 'ட்ரெயில்' பைக்கைத்தான் பிழையாகச் சொல்கிறான் எண்டு நினைத்தோம். பிறகு அவனோடு சேர்ந்து தேடி வாசிக்கத் தொடங்கினோம். வரலாறு படிக்கிற ஆட்கள் எண்டபடியால், விலை பார்க்கப் போன நாங்கள் அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் போய் நின்றுவிட்டோம். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இரண்டும் ஒன்றல்ல

மோட்டோகுரொஸ் பந்தயம். மண் பாதையில் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவார்கள், முதலில் வருபவர் வெல்வார். ட்ரயல்ஸில் இப்படி ஓடிப் பிடிக்கிற வேலை கிடையாது. பாறை, ஓடை, செங்குத்துச் சரிவு எண்டு சில இடங்களை நாடா கட்டி ஒதுக்கியிருப்பார்கள். கால் நிலத்தில் படாமல் அதைக் கடக்க வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தால் அல்லது நாடாவுக்கு வெளியே போனால் 5. கடைசியில் ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவரே வெற்றியாளர்.

விதி இப்படி எண்டபடியால் இயந்திரமும் மாறுகிறது. இன்றைய ட்ரயல்ஸ் பைக்கில் சீற் என்று சொல்ல ஒன்றும் இருக்காது, முழு நேரமும் நின்றபடிதான் ஓட்டுவார்கள். எடை 70 கிலோ அளவு. பெற்றோல் டாங்கியில் சில லீற்றர்தான் பிடிக்கும். பின் ரயரில் காற்று மிகக் குறைவு, கல்லைக் கவ்விப் பிடிக்கும் அளவுக்கு மென்மையாக விட்டிருப்பார்கள். மோட்டோகுரொஸ் எஞ்சின் உச்சச் சுழற்சியில்தான் உயிர் பெறும். ட்ரயல்ஸ் எஞ்சினோ நின்றுவிடுமோ எண்டு பயப்படும் அளவு மெதுவாகச் சுழலும்போதும் இழுக்க வேண்டும்.

தாய் எது, பிள்ளை எது

மோட்டோகுரொஸ்தான் மூத்தது, ட்ரயல்ஸ் அதிலிருந்து பிரிந்த ஏதோ ஒரு கிளை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நடந்தது நேர் எதிர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் என்பது நம்ப முடியாத ஒரு பொருள். மலை ஏறுமா, வழியில் நிற்குமா எண்டு சோதித்துக் காட்ட வேண்டியிருந்தது. 'ட்ரயல்' என்ற சொல்லே சோதனை என்பதைத்தான் குறிக்கிறது. ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல் 1909 முதல் நடக்கிறது. 1914 இல் யோக்ஷயரில் அல்பிரட் ஸ்கொட் என்ற மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர், தன் தொழிற்சாலை ஆட்களுக்காக ஒரு போட்டியை வைத்தார். அதுதான் ஸ்கொட் ட்ரயல். கரடுமுரடான மேட்டுநிலங்களையும் ஓடைகளையும் கடந்து போகும் அந்தப் போட்டியில் நேரத்துக்கும் புள்ளி உண்டு, கால் ஊன்றாமல் கடப்பதற்கும் புள்ளி உண்டு.

வடக்கில் நடப்பதைத் தெற்கிலும் நடத்திப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் 1924 மார்ச் 29 அன்று சறே மாவட்டத்தின் கேம்பர்லியில் ஒரு போட்டி வைத்தார்கள். கண்காணிக்கும் பகுதிகளை அவர்கள் எடுத்துவிட்டார்கள், வேகம் மட்டும்தான். கண்காணிப்பு இல்லையெண்டால் அதை 'ட்ரயல்' எண்டு சொல்ல முடியாது என்று அதிகார அமைப்பு மறுத்துவிட்டது. வேறு பெயர் தேட வேண்டி வந்தபோது 'ஸ்க்ராம்பிள்' என்று வைத்தார்கள். இது ஐரோப்பாக் கண்டத்துக்குப் போனபோது, மோட்டோ என்பதையும் குரொஸ் கன்ட்ரி என்பதையும் சேர்த்து 'மோட்டோகுரொஸ்' ஆனது. 1947 இல் நாடுகளுக்கு இடையிலான போட்டி நெதர்லாந்தில் நடந்தது, 1957 இல் 500 சீசீ உலக சாம்பியன்ஷிப் வந்தது.

ஆகவே ட்ரயலிலிருந்து நிதானத்தைக் கழித்தால் மிச்சம் வந்ததுதான் மோட்டோகுரொஸ். எங்கட நண்பன் செய்யப்போவதும் ஒரு வகையில் பழைய வீட்டுக்குத் திரும்பிப் போவதுதான். நெடுங்காலம் இரண்டுக்கும் ஆட்களும் ஒன்றாகவே இருந்தார்கள். ஜெப் ஸ்மித் 1953, 1954 இரண்டு வருசமும் பிரித்தானிய ட்ரயல்ஸ் சாம்பியன். அதே ஆள் 1964, 1965 இல் மோட்டோகுரொஸ் உலக சாம்பியன்.

பெல்பாஸ்ற்காரரும் பார்சிலோனாவும்

இரண்டு வழிகளும் பிரிந்த கதையில் முக்கியமான பெயர் சாமி மில்லர். பெல்பாஸ்ற்காரர். 1957 இல் வீதிப் பந்தயத்தில் 250 சீசீ உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம் எடுத்தவர், அதற்குப் பிறகு ட்ரயல்ஸ் பக்கம் திரும்பினார். 1959 முதல் 1969 வரை பதினொரு வருசம் தொடர்ந்து பிரித்தானிய சாம்பியன்.

அவர் ஓட்டியது 500 சீசீ ஏரியல். கனமான நான்கு ஸ்ட்ரோக் இயந்திரம். ஏரியல் நிறுவனம் நான்கு ஸ்ட்ரோக் தயாரிப்பை 1959 இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் மில்லர் அந்தப் பைக்கைச் செதுக்கிச் செதுக்கி, எடையைக் குறைத்து, 1964 வரை வென்றுகொண்டிருந்தார். உற்பத்தி நின்றுபோன ஒரு பைக்கில் ஐந்து வருசம்! பழைய பைக் தேடி அலைந்துகொண்டிருந்த எங்களுக்கு இதை வாசித்தபோது நல்ல தெம்பு வந்தது.

1964 இன் முடிவில் அவர் ஸ்பெயினுக்குப் போனார். மொண்டேசா நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்து 1958 இல் பல்ட்டாக்கோவை ஆரம்பித்தவர் பிரான்சிஸ்கோ புல்ட்டோ. அவருடைய பண்ணை நிலத்தில் சுமார் 12 நாள் மில்லர் ஒரு இரண்டு ஸ்ட்ரோக் பைக்கை ஓட்டிப் பார்த்து, சட்டத்தை மாற்றி, எஞ்சினை மென்மையாக்கிக் கொண்டே இருந்தார். அதிலிருந்து வந்ததுதான் ஷெர்பா ட்ரயல்ஸ் பைக். 1965 இல் அதில் ஸ்கொட்லாந்து ஆறு நாள் ட்ரயலை வென்றார். கனமான பிரித்தானிய பைக்குகளின் காலம் அதோடு முடியத் தொடங்கியது.

மொண்டேசாவும் ஒஸ்ஸாவும் பின்னால் வந்தன. மொண்டேசாவின் கோட்டா பைக்கை உருவாக்கிய பெரே பீ, மோட்டோகுரொஸில் ஸ்பெயினின் சாம்பியனாக இருந்து ட்ரயல்ஸுக்கு வந்தவர். 1975 இல் ட்ரயல்ஸ் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது, முதல் ஐந்து பட்டங்களும் பல்ட்டாக்கோவுக்கே போயின. அந்தக் கட்டலான் மண்ணின் தொடர்ச்சியாகத்தான் லாயா சான்ஸும் வருகிறார். பெண்களுக்கான ட்ரயல்ஸ் உலகப் பட்டத்தை 13 தடவை வென்றவர்.

மூடிய கதவு

இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நின்று யோசித்தோம். பிராங்கோ காலத்து ஸ்பெயினில் வெளிநாட்டு வாகனங்கள் எளிதில் உள்ளே வர முடியாது. உள்ளூர்ச் சந்தை உள்ளூர் நிறுவனங்களிடமே இருந்தது. அந்த மறைவில் வளர்ந்த தொழிற்சாலைகள்தான் உலகத்துக்கு ட்ரயல்ஸ் பைக் அனுப்பின. பிராங்கோ இறந்த பிறகு வேலைநிறுத்தங்கள், கடன், ஜப்பானியப் போட்டி எல்லாம் சேர்ந்து வந்தன. 1980களின் முதல் பாதியில் பல்ட்டாக்கோவும் ஒஸ்ஸாவும் மூடப்பட்டன, மொண்டேசா ஹொண்டாவின் கைக்குப் போனது. சர்வாதிகாரத்தைப் பாராட்ட இதைச் சொல்லவில்லை. சந்தை மூடியிருந்தது என்பது மட்டும் போதாது, உள்ளே தொழிற்சாலையும் தொழிலாளரின் கைத்திறனும் இருந்தன என்பதைச் சொல்கிறோம்.

எங்களுக்கும் மூடிய கதவு தெரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய கதையை எங்கட அப்பாமார் இப்பவும் சொல்வார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் தொடங்கியது. இடையில் பழைய பைக் பொன்னானது. எங்கட மூடிய கதவுக்குப் பின்னால் தொழிற்சாலை வரவில்லை. வந்தது கராஜ்காரரின் அறிவு. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் பூட்டி உயிர் கொடுக்கும் அந்த அறிவை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அது அந்த அண்ணைமாரோடு போய்விடும் எண்டு பயமாக இருக்கு.

பைக் பார்க்கப் போனது

உண்மையான ட்ரயல்ஸ் பைக் இங்கே காண்பதே அரிது. அதனால் யமஹா செரோ போன்ற ஒன்றைத் தேடுவது எண்டு தீர்மானித்தோம். 1985 இல் வந்த அந்த வகை, மலைப்பாதையில் மெதுவாக, தேவைப்பட்டால் காலையும் ஊன்றிப் போவதற்கென்றே யோசிக்கப்பட்டது.

பழைய பைக்கைப் பார்ப்பது ஒரு ஆவணத்தை வாசிப்பது போலத்தான். எங்களுக்கு அதை வாசிக்கக் காட்டித் தந்தவர் ஒரு கராஜ் அண்ணை. "தம்பி, மீற்றரைப் பார்க்காதை, அடியைப் பார்" எண்டார். பந்தயத்தில் ஓடிய பைக் என்றால் பிஸ்டனிலும் வால்விலும் தேய்மானம். கல்லில் ஏறிய பைக் என்றால் அடிப்பலகையில் நசிவு, கிளச்சில் தேய்மானம், ரிம்மில் வளைவு. பின் சில்லைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் பெயரிங் பேசும். முன் போர்க்கில் எண்ணெய் கசிகிறதா எண்டு விரலால் தடவிப் பார்க்க வேணும். எஞ்சின் குளிராக இருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேணும், சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். கடைசியாகச் சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட வேணும்.

நாங்கள் பார்த்த முதல் பைக் புதுப் பெயின்ற் அடித்து மினுங்கியது. அண்ணை குனிந்து ஹாண்டில் கழுத்துக்குக் கீழே விரலை வைத்தார். பெயின்ற்றுக்கு அடியில் ஒட்டு வெல்டிங். ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்துவிட்டார். விற்க வந்தவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சட்டம் பாறையில் வைத்து முறிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு திரும்பி வரும் வழியில் ஒருத்தரும் கதைக்கவில்லை.

இன்னும் பைக் கிடைக்கவில்லை. நண்பன் இப்ப பின்னேரங்களில் கம்பஸுக்குப் பின்னால் கிடக்கிற உடைந்த கொங்கிறீட் கட்டைகளில் பழைய சைக்கிளை ஏற்றிப் பழகுகிறான். நாங்கள் சுற்றி நின்று கால் ஊன்றுவதை எண்ணுகிறோம். பெரே பீயும் தன் சின்ன மகன் ஒட்டுக்கு முதலில் கொடுத்தது ட்ரயலுக்கென்று செய்த ஒரு சைக்கிள்தான் எண்டு அவனுக்குச் சொன்னோம். அந்தப் பிள்ளை பிறகு சைக்கிள் ட்ரயலில் உலக சாம்பியன் ஆனார். அவன் சிரித்தான். நேற்று அவனுடைய அம்மா வந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. "இது பரவாயில்லை, மெதுவாத்தானே போறான்" எண்டா.