வீட்டுக் குழாய்களில் நீர் அழுத்தக் குறைவு

வீட்டுக் குழாய்களில் நீர் அழுத்தக் குறைவு என்பது, திருகுகுழாயை முழுவதும் திறந்த பின்னரும் நீர் போதிய வேகத்துடன் வராத நிலையைக் குறிக்கும். தமிழ்நாட்டு வீடுகள் பெரும்பாலானவற்றில் நீர் மொட்டைமாடியில் உள்ள மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து புவியீர்ப்பினால் கீழே இறங்குகிறது. இக்கட்டுரை அத்தகைய அமைப்பைப் பற்றியது.

பேச்சு வழக்கில் இக்குறை "ஃபோர்ஸ் இல்லை" எனப்படும். இச்சொல் இரு வேறு குறைகளை ஒன்றாக்கிவிடுகிறது. ஒன்று, தொட்டியின் உயரம் போதாமையால் வரும் அழுத்தக் குறைவு. மற்றொன்று, குழாய்வழியில் உள்ள தடையால் வரும் ஓட்டக் குறைவு. இரண்டிற்கும் தீர்வுகள் வேறானவை. தொட்டியை உயர்த்தியும் எக்கி பொருத்தியும் செலவு செய்த பின்னர், அடைப்பு ஒரு பழைய வால்வில் இருந்தது எனத் தெரியவருவது அரிதன்று.

அழுத்தமும் ஓட்டமும்

ஓய்வில் உள்ள நீரின் அழுத்தம் அதன் மேல் உள்ள நீரின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. ஒரு மீட்டர் உயரத்திற்கு 9.81 கிலோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் கிடைக்கும். தொட்டியின் கொள்ளளவுக்கோ அகலத்துக்கோ இதில் பங்கில்லை. நீர்மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் 500 லிட்டர் தொட்டியும் 2000 லிட்டர் தொட்டியும் தருவது ஒரே அழுத்தமே. சைமன் ஸ்டெவின் 1586 ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கினார். பிளேசு பாஸ்கலின் ஆய்வு அவர் இறந்த பின்னர் 1663 இல் வெளிவந்தது. ஆயினும் "பெரிய டேங்க் வைத்தால் ஃபோர்ஸ் வரும்" என்ற நம்பிக்கை இன்றும் நிலவுகிறது.

ஒரு மேல்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டின் தரையிலிருந்து மொட்டைமாடித் தரை 3.2 மீட்டர் உயரம், அதன்மேல் 0.6 மீட்டர் மேடை, தொட்டியில் 0.8 மீட்டர் ஆழ நீர் எனில், நீர்மட்டம் வீட்டுத் தரைக்கு மேல் 4.6 மீட்டரில் உள்ளது. குளியலறைத் தூவி 2.1 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதற்குக் கிடைப்பது 2.5 மீட்டர், அதாவது சுமார் 0.25 பார். கீழ்த்தளத்தில் அதே தூவிக்கு 0.56 பார் கிடைக்கும். தொட்டி ஏறக்குறைய காலியாகும்போது மேல்தளத் தூவி தன் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. கீழ்த்தளத்தில் இழப்பு ஏழில் ஒரு பங்கே. மேல்வீட்டாருக்கு மட்டும் காலையில் நீர் மெலிந்து வருவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

சலவை இயந்திரங்கள் பலவற்றின் கையேடுகள் குறைந்தபட்சமாக 0.3 முதல் 1 பார் வரை அழுத்தம் கேட்கின்றன. அகன்ற "மழைத் தூவிகள்" இதனினும் மிகுதியான அழுத்தத்தை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. மேல்தளத்தில் இவை சரிவர இயங்காதது குழாயின் பழுது அன்று.

இனி ஓட்டம். நீர் ஓடத் தொடங்கியதும் குழாய்ச் சுவர், முழங்கை இணைப்புகள், வால்வுகள் ஆகியவற்றின் உராய்வால் அழுத்தத்தின் ஒரு பகுதி செலவாகிறது. கொந்தளிப்பான ஓட்டத்தில், ஒரே அளவு நீருக்கு இவ்விழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ நேர்மாறாக இருக்கும். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுடைய அரை அங்குலக் குழாய் படிவினால் 10 மில்லிமீட்டராகச் சுருங்கினால், அதே உயரத்திலிருந்து முன்பு வந்த நீரில் சுமார் 36 விழுக்காடே வரும். துருவேறிய உட்சுவரின் சொரசொரப்பு அதையும் குறைக்கும்.

ஓட்டமில்லாதபோது உராய்வு இழப்பும் இல்லை. ஆகவே மூடிய திருகுகுழாயில் அழுத்தமானியைப் பொருத்தினால், பாதி அடைபட்ட குழாயும் புதிய குழாயும் ஒரே அளவையே காட்டும். திறந்து ஓடவிட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

குறையைக் கண்டறிதல்

இதற்குத் தேவையானவை ஒரு 10 லிட்டர் வாளியும் ஒரு கடிகாரமும் மட்டுமே. ஒவ்வொரு திருகுகுழாயையும் தனித்தனியே முழுவதும் திறந்து, வாளி நிறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒன்றில் 50 நொடியும் அதே உயரத்தில் உள்ள மற்றொன்றில் 3 நிமிடமும் ஆனால், பழுது இரண்டாவதன் கிளைக்குழாயில் அல்லது அதன் முனையில் உள்ளது. பெரும்பாலும் முனையில் உள்ள சல்லடையே குற்றவாளி. கையால் திருகிக் கழற்றக்கூடிய இதனை முதலில் பார்ப்பது நல்லது.

எல்லாமே மெதுவாக இருந்தால், ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாவதைத் திறந்து பார்க்கலாம். முதலாவதில் நீர் சட்டென்று இளைத்தால், இரண்டிற்கும் பொதுவான குழாய் ஒடுங்கியுள்ளது அல்லது அடைபட்டுள்ளது. வெந்நீர் மட்டும் மெலிந்து வந்தால் பழுது கீசரிலோ அதன் நுழைவாயிலில் உள்ள பின்னோட்டத் தடுப்பு வால்விலோ இருக்கும்.

குறை தொடங்கிய விதமும் துப்புத் தரும். பல மாதங்களாகச் சிறுகச் சிறுகக் குறைந்தால் படிவு. தொட்டியைக் கழுவிய மறுநாள் தொடங்கியிருந்தால் காற்றடைப்பு, அல்லது கிளறிவிடப்பட்ட வண்டல். குழாய் வேலை நடந்த பின் தொடங்கியிருந்தால், இணைப்பின் உள்ளே பிதுங்கி இறுகிய பி.வி.சி. பசை, அல்லது பிய்ந்து உட்சென்ற டெஃப்லான் நாடா.

தொட்டி வெளிவாயில் உள்ள கேட் வால்வைத் தனியே குறிப்பிட வேண்டும். பல ஆண்டுகள் அசைக்கப்படாத வால்வைத் திருப்பும்போது, உள்ளிருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று கீழேயே தங்கிவிடுவதுண்டு. கைப்பிடி இயல்பாகச் சுழலும். வால்வு திறந்துவிட்டது என்றே தோன்றும். வீடு முழுவதும் திடீரென நீர் குறைந்து, தொட்டியும் நிறைந்திருந்தால் முதலில் ஐயுற வேண்டியது இதனையே.

காற்றடைப்பு

மொட்டைமாடியில் குழாய் கைப்பிடிச்சுவரின் மேலேறி இறங்கும் இடங்களில் ஒரு மேடு உண்டாகிறது. தொட்டி காலியாகும்போது அங்கு காற்று புகுந்து தங்கிவிடும். இறங்குபகுதியில் அரை மீட்டர் உயரத்திற்குக் காற்று நின்றால், கிடைக்கும் நீருயரத்தில் அரை மீட்டர் வீணாகும். நகர வழங்கல் குழாயில் 2 பார் அழுத்தம் உள்ள நாடுகளில் இது பொருட்டன்று, 0.25 பார் மட்டுமே உள்ள இடத்தில் நீர் முற்றிலும் நின்றுவிடவும் கூடும்.

தொட்டியை நிரப்பி, மிகத் தாழ்வான திருகுகுழாயை முதலில் முழுவதும் திறந்துவிடுவது எளிய முறை. பயன் தராவிடில், மோட்டார் நீரேற்றும் குழாயில் திருகுகுழாய் இருந்தால் அதிலிருந்து நெகிழ்குழாய் மூலம் அடைபட்ட திருகுகுழாய்க்குள் நீரைச் செலுத்திக் காற்றைத் தொட்டிக்கே திருப்பித் தள்ளலாம். நிலையான தீர்வு, தொட்டியின் வெளிக்குழாயில் வால்வை அடுத்து ஒரு செங்குத்துக் காற்றுக்குழாய் அமைப்பதாகும். அதன் வாய் தொட்டியின் உச்ச நீர்மட்டத்திற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையேல் நீர் அதன் வழியே வழியும்.

கடின நீர்ப் படிவு

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. எனவே கீசரும் வெந்நீர்க் குழாய்களும் முதலில் பாதிக்கப்படும். ஐ.எஸ். 10500 தரம் (2012) மொத்தக் கடினத்தன்மையின் ஏற்கத்தக்க அளவை லிட்டருக்கு 200 மில்லிகிராம் எனவும், வேறு நீர்வளம் இல்லாவிடில் 600 மில்லிகிராம் வரை எனவும் வரையறுக்கிறது. இது குடிநீருக்கான அளவு; குழாய்கள் அடைபடாது என்பதற்கு உறுதி அன்று.

தூவியையும் சல்லடையையும் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சில மணி நேரம் ஊறவைத்தால் படிவு கரையும். நாகமுலாம் பூசிய இரும்புக் குழாய்களுக்குள் கழிவறை அமிலத்தை ஊற்றுவது தவறு. அமிலம் படிவுடன் முலாமையும் அரித்துவிடும். அடுத்து வருவது துரு. அத்தகைய பழைய குழாய்களை மாற்றுவதே வழி.

தெருக்குழாயில் மோட்டார்

நகர வழங்கல் நீர் வேகமாக வரவில்லை என்பதற்காகத் தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டாரைப் பொருத்துவோர் உண்டு. சென்னையில் இது தடை செய்யப்பட்டது. அண்டை வீட்டாரின் நீர் குறைவது இதன் ஒரு விளைவு மட்டுமே. உறிஞ்சப்படும் குழாயினுள் அழுத்தம் வெளியழுத்தத்தை விடத் தாழ்ந்தால், விரிசல்கள் வழியே சுற்றியுள்ள மண்ணின் நீர் உள்ளே இழுக்கப்படும். அருகில் கழிவுநீர்க் குழாய் கசிந்தால் அந்நீரும் குடிநீரில் கலக்கும். நீரைத் தானாக நிலக்கீழ்த் தொட்டியில் விழவிட்டு, பின்னர் அங்கிருந்து ஏற்றுவதே பாதுகாப்பானது.

அழுத்த எக்கி

அடைப்பு ஏதுமில்லை எனச் சோதித்து அறிந்த பின்னரும் மேல்தளத்தில் நீர் போதாவிடில், தொட்டியை உயர்த்தலாம் அல்லது அழுத்த எக்கி பொருத்தலாம். தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்தினால் கிடைப்பது 0.1 பார் மட்டுமே. ஆயின் மேலே கூறிய 2.5 மீட்டர் தூவிக்கு அது 40 விழுக்காடு மிகுதி, மின்செலவும் இல்லை. நிறைந்த தொட்டியின் ஒவ்வொரு 1000 லிட்டரும் ஒரு டன் எடை என்பதால், மேடையைத் தூண் அல்லது சுவரின் மேல் அமையுமாறு கட்ட வேண்டும்.

எக்கியைத் தொட்டியின் வெளிக்குழாயில் பொருத்துவது வழக்கம். முன்சொன்ன காற்றுக்குழாய் எக்கிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் எக்கி தள்ளும் நீர் அதன் வழியே வெளியேறும். மின்வெட்டின்போதும் நீர் இறங்குவதற்காக எக்கியைச் சுற்றி ஒரு மாற்றுவழிக் குழாயும், அதில் பின்னோட்டத் தடுப்பு வால்வும் தேவை. அவ்வால்வு இல்லையெனில், எக்கி தள்ளிய நீர் மாற்றுவழியே திரும்பி எக்கியின் வாய்க்கே சென்று சுற்றிக்கொண்டிருக்கும்.