இடுப்புக் கிண்ணம் எந்தப் பக்கம் பார்க்கிறது?
"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்" என்ற ஒற்றை வரியோடு எம்மவர் பலர் இடுப்பு நோவுடன் வீடு திரும்புகிறார்கள். எங்கள் மகளுக்கும் அதுதான் நடந்தது. நாம் கணக்குப் படித்தவர்கள், வைத்தியர் அல்லர். ஆனாலும் அந்தப் படத்தில் எதை அளக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்துக்குள் சுழல்கிறது. அந்தக் கிண்ணம் வெளிப்புறமாகவும் கீழ்நோக்கியும் சற்று முன்பக்கமாகவும் திறந்திருக்க வேண்டும். சிலருக்கு அது பந்தைப் போதியளவு மூடுவதில்லை. எக்ஸ்ரேயில் இதை விபேர்க் கோணத்தால் அளப்பார்கள். பெரியவர்களுக்கு 25 பாகைக்கு மேல் இயல்பு, 20க்குக் கீழ் குறைபாடு. வேறு சிலருக்குக் கிண்ணம் பின்நோக்கித் திரும்பியிருக்கும். அப்போது முன்விளிம்புக் கோடும் பின்விளிம்புக் கோடும் படத்தில் ஒன்றையொன்று வெட்டும். இவர்கள் குந்தி இருக்கும்போது எலும்பு விளிம்பில் முட்டி நோகலாம்.

ஆனால் எக்ஸ்ரே ஒரு நிழல்தான். இடுப்பு முன்னோக்கிச் சரிந்திருந்தாலே நல்ல கிண்ணமும் பின்நோக்கியது போலத் தெரியும். ஆகவே படம் நேராக எடுக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். வால் எலும்பின் நுனி, முன்னால் இடுப்பெலும்புகள் சேரும் மூட்டுக்கு நேர்மேலே நிற்பது ஓர் அடையாளம். ஐந்தொகை சமப்பட்டாலும் பற்றுச்சீட்டுகளைப் பார்க்காமல் நாம் கையெழுத்திடுவதில்லையே!

சி.ரி. ஸ்கான் உடலைத் துண்டு துண்டாகப் படம்பிடிக்கும். இடுப்பின் சரிவைக் கணினியில் நேராக்கிவிட்டு, கிண்ணம் எத்தனை பாகை முன்நோக்கியிருக்கிறது என்று அளக்கலாம். இந்தக் கருவி பிறந்ததும் லண்டனில்தான். ஹேய்ஸிலிருந்த ஈ.எம்.ஐ. ஆய்வுகூடத்தில் கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவி, 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி விம்பிள்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்தது. 1979இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எம்மவர் நாள்தோறும் பஸ்ஸில் கடந்து போகும் இடங்கள் இவை.

சி.ரி.யில் கதிர்வீச்சு அதிகம். அதனால் எல்லோருக்கும் எடுக்கமாட்டார்கள். படுத்த நிலையில் எடுப்பதால், எழுந்து நிற்கும்போது இடுப்பு சரிவதும் அதில் தெரியாது.

செயற்கை மூட்டுக்கும் இதே கணக்கு உண்டு. 1978இல் லெவினெக் குழுவினர் 40 பாகைச் சாய்வும் 15 பாகை முன்நோக்கும், இரண்டிலும் 10 கூடிக் குறையலாம் என்று பாதுகாப்பு எல்லை வகுத்தனர். அந்த எல்லைக்குள் பொருத்திய மூட்டுகளும் சில வேளைகளில் நழுவுவதைப் பின்னர் கண்டார்கள்.

மகளின் படத்தை வேறொரு வைத்தியர் மீண்டும் அளந்தபோது கோணம் 18 பாகை. "ஒன்றுமில்லை" என்றால் முறிவு இல்லையா, தேய்வு இல்லையா, கோணத்தையும் அளந்தீர்களா என்று கேளுங்கள். ஆங்கிலம் தடையென்றால் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.